என்ன வேலை பார்த்தீர்கள்?



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் படியோரத்தில் அந்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாற்பது வயதுதான் இருக்கும். தோற்றம் அறுபதைக் காட்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் எக்ஸ்ரே படமும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இருக்கும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கும். "மருந்துச் செலவுக்கு உதவி செய்யுங்கள்" என்பார். நாமும் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ போட்டுவிட்டு, "பாவம், டி.பி. போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடிப் போய்விடுவோம்.

அவரிடம் நம்மில் எவராவது, "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டதுண்டா?

இந்த ஒரு கேள்வியை மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர். தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவருடைய தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். கல் உடைப்பவர்களின் நெஞ்சைக் கல்தூசி எப்படிக் கெடுக்கிறது என்பதையும் எழுதி வைத்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிச் சீட்டில் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. தொழில் என்ற இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் ஓர் ஏழைக் குடும்பத்தின் உரிமை புதைந்து கிடக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே இத்தலையங்கம்.

தூசி செய்யும் வேலை

பாறையிலும் மணலிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. கல்லை உடைக்கும்போதும், துளையிடும்போதும், அறுக்கும்போதும், மெருகேற்றும்போதும் அது தூசியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே ஆபத்தானது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்க முடியாமல் அது நுரையீரலின் அடிவரை சென்று படிகிறது. படிந்த இடத்தில் புண்ணாகித் தழும்பேறுகிறது. விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் இறுகிப் போகிறது. இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்டுவிட்டாலும் நோய் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் தூசி தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே இது வெளிப்படும். தூசி மிக அதிகமான இடங்களில் ஓரிரு ஆண்டுகளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் ஆஸ்பெஸ்டோசிஸ், பஞ்சுத் தூசியால் பைசினோசிஸ், நிலக்கரித் தூசியால் வேறொரு நுரையீரல் நோய். தூசி மாறுகிறது, பெயர் மாறுகிறது. மூச்சுத் திணறல் ஒன்றுதான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. சிலிக்கோசிஸ் வந்தவரின் எக்ஸ்ரே படம் காசநோயாளியின் படத்தைப் போலவே தோன்றும். இருமல், எடை குறைவு, மூச்சிரைப்பு என எல்லாமே ஒன்று போலிருக்கும். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மருந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் சாப்பிட்டும் குணமாகாது. மறுபடியும் ஆறு மாதம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும் என்பதும் உண்மை. ஆகவே இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. (எனவே இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே டி.பி. மருந்தை நிறுத்திவிடக் கூடாது.) ஆனால் சீட்டில் "டி.பி." என்று மட்டும் எழுதப்பட்டால் என்ன ஆகும்? டி.பி. கிருமியால் வருவது, அதற்கு முதலாளி பொறுப்பில்லை. சிலிக்கோசிஸ் வேலையால் வருவது. அதற்கு முதலாளி பொறுப்பு. மருத்துவர் எழுதும் ஒரே ஒரு சொல்லில் பொறுப்பு முழுவதும் கை மாறிவிடுகிறது!

கோத்ராவில் இன்னொரு சாவு

கோத்ரா என்றதும் நம் நெஞ்சில் 2002ஆம் ஆண்டின் ரணம்தான் எழும். அதே கோத்ராப் பகுதியில் வேறொரு சாவும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. அங்கே கண்ணாடித் தொழிலுக்காகக் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் ஆலைகள் இருந்தன. அவற்றில் வேலை செய்ய மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசி மக்கள் பஞ்சம் பிழைக்க வந்தார்கள். சில மாதங்கள், ஓரிரு ஆண்டுகள்தான் வேலை செய்தார்கள். ஊர் திரும்பியதும் ஒருவர் பின் ஒருவராக இருமி இருமியே மடிந்தார்கள்.

வழக்கு 2006ல் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது. இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2010ல் குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. பணம் வந்ததா? வரவில்லை. 2016 மே 4 அன்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வழி பிறந்தது. வழக்குத் தொடங்கிப் பத்து ஆண்டுகள். பரிந்துரை வந்து ஆறு ஆண்டுகள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆதிவாசிகளிடம் வேலைக்கான கடிதமோ, சம்பளச் சீட்டோ, வருகைப் பதிவோ இல்லை. "இவர்கள் எங்களிடம் வேலை பார்த்ததற்கு ஆதாரம் எங்கே?" என்று எந்த முதலாளியும் கேட்டுவிடலாம். ஒரே கிராமத்திலிருந்து, ஒரே இடத்துக்கு வேலைக்குப் போய், ஒரே நோயால் நூற்றுக்கணக்கில் செத்த பிறகுதான் அந்தச் சாவுகளே சாட்சியாயின. தனி ஒருவராகச் செத்திருந்தால்? டி.பி.யில் போனார் என்று கதை முடிந்திருக்கும்.

குஜராத்தின் கம்பாத் நகரத்தையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் விரலில் அணியும் அகீக் கல் அங்கேதான் காலங்காலமாகப் பட்டை தீட்டப்படுகிறது. வியாபாரி கல்லைக் கொடுப்பார். தொழிலாளி தன் வீட்டுக்குள்ளேயே சாணைச் சக்கரத்தில் தீட்டிக் கொடுப்பார். தூசி அவர் நெஞ்சுக்குள் மட்டுமல்ல, பக்கத்தில் சமைக்கும் மனைவியின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. வீடே பட்டறை என்பதால் தொழிற்சாலைச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி யார் என்பதே தெளிவில்லாததால் நஷ்டஈடு கேட்கவும் ஆளில்லை. நாம் சின்ன வயதில் சிலேட்டில் எழுதிய குச்சியும் அப்படித்தான். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் அந்தக் குச்சியை அறுத்த தொழிலாளர்கள் இளம் வயதிலேயே மாண்டார்கள். அவர்களுக்கென நலநிதிச் சட்டம் ஒன்றை அம்மாநிலம் 1982ல் இயற்ற வேண்டி வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. வெள்ளையர் காலத்திலேயே, 1923ல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. அட்டவணையில் குறிக்கப்பட்ட தொழில்நோய் ஒருவருக்கு வந்தால், அதை வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கருத வேண்டும் என்பது அதன் அடிப்படை. சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ், பைசினோசிஸ் ஆகியவை அந்த அட்டவணையில் இடம் பெற்றவை. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. தொழில்நோய்ப் பட்டியல் அதன் மூன்றாம் அட்டவணையில் தொடர்கிறது.

தொகை எவ்வளவு? பலர் அறியாத கணக்கு இது. 1923 சட்டத்தின்படி, நிரந்தரமாக முழு ஊனமடைந்தவருக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ற ஒரு காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு 2020 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்டது. நாற்பது வயதுக்காரருக்குக் காரணி 184.17. பெருக்கிப் பாருங்கள்: 16 லட்சத்து 57 ஆயிரத்து 530 ரூபாய். அவர் இறந்துவிட்டால் 50 சதவீதக் கணக்கில் குடும்பத்துக்கு 13 லட்சத்து 81 ஆயிரத்து 275 ரூபாய். பள்ளிவாசல் வாசலில் நாம் பத்து ரூபாய் போட்ட அந்த மனிதருக்கு, சட்டப்படி கிடைத்திருக்க வேண்டிய தொகை இதுவாகக்கூட இருக்கலாம் சகோதரர்களே!

அப்படியானால் ஏன் கிடைப்பதில்லை? சட்டத்தின் உள்ளேயே முட்டுக்கட்டைகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. வேலையிலிருந்து விலகியவருக்கு, விலகிய இரண்டு ஆண்டுகளுக்குள் நோயின் அறிகுறி தோன்றினால்தான் தோன்றிய நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடும் சலுகை என்று 1923 சட்டம் வகுத்தது. இரண்டாண்டுக் கெடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. நோயோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது! இயந்திரத்தில் கை போனவருக்கு எழுதிய விதியை நெஞ்சு போனவருக்கும் பொருத்தினால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு என்பது மட்டுமே ஆறுதல்.

அடுத்த முட்டுக்கட்டை ஆதாரம். குவாரியில், கிரஷரில், போர்வெல் வண்டியில், வார்ப்புப் பட்டறையில், டைல்ஸ் அறுக்கும் வேலையில் எந்த மேஸ்திரி சீட்டு எழுதிக் கொடுக்கிறார்? இன்று ஒரு காண்டிராக்டர், நாளை இன்னொருவர். ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கை காட்டுவார். உண்மையில், பல முதலாளிகளிடம் வேலை பார்த்திருந்தாலும் இத்தகைய நோய்களுக்கு அவர்களிடையே பொறுப்பைப் பங்கிட்டு வசூலிக்கச் சட்டத்தில் வழியுண்டு. காண்டிராக்டருக்குப் பின்னால் இருக்கும் அசல் முதலாளியைப் பொறுப்பாக்கவும் வழியுண்டு. வழி இருப்பது வழக்கறிஞருக்குத் தெரியும், இருமிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

உச்சநீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் வரலாற்றுச் சிறப்பு மிக்க தீர்ப்பை வழங்கியது. வேலையில் இருக்கும்போதும் ஓய்வு பெற்ற பின்பும் உடல்நலம் காக்கப்படுவது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்றது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையிலிருந்து விலகிய பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நோய் இருபது ஆண்டு கழித்து வரும் என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் இன்னும் உணரவில்லை என்பதே நம் ஆதங்கம்.

பிற நாடுகளில்

தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத்தில் 1979 முதல் 1995 வரை உழைத்தவர் தெம்பெகிலே மன்காயி. நுரையீரல் கெட்டுப்போன அவருக்குச் சட்டப்படி கிடைத்த நஷ்டஈடு 16,320 ராண்ட். இது போதாது என்று சுரங்கக் கம்பெனி மீது அவர் வழக்குப் போட்டார். 2011 மார்ச்சில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை; சில நாட்களுக்கு முன்புதான் கண்மூடியிருந்தார். ஆனால் அவர் திறந்த கதவு மூடவில்லை. ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து வழக்காடினார்கள். 2018ல் ஏறத்தாழ 500 கோடி ராண்ட் நஷ்டஈட்டுக்குக் கம்பெனிகள் உடன்பட்டன. 2019ல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஒருவராகக் கேட்டபோது கிடைத்தது பிச்சை. ஒன்றுபட்டுக் கேட்டபோது கிடைத்தது உரிமை.

சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்ததால், அந்தக் கல்லையே 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா தடை செய்துவிட்டது. நம் நாட்டிலும் ராஜஸ்தான் மாநிலம் 2019ல் தனிக் கொள்கை வகுத்தது. மருத்துவக் குழு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். முதலாளி யார் என்று நிரூபிக்கும் வரை காத்திராமல் அரசே முன்வந்து கொடுப்பது இதன் சிறப்பு. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு இது சான்று.

அரசுக்கு நம் கோரிக்கை

தமிழகத்தில் கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் பஞ்சமில்லை. கோவையின் வார்ப்பாலைகளும், கொங்கு மண்ணிலும் தென் மாவட்டங்களிலும் உள்ள பஞ்சாலைகளும் நாடறிந்தவை. எனவே ஆட்சியாளர்களை நாம் வலியுறுத்துவது:

1. ராஜஸ்தானைப் போல, முதலாளியைத் தேடும் சுமையை நோயாளி மீது போடாத முழுமையான நிவாரணத் திட்டம் வேண்டும். சுரங்கம், குவாரிகளிடமிருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளைகளுக்கு வரும் நிதியை இதற்குப் பயன்படுத்தலாம்.

2. அரசு மருத்துவமனைச் சீட்டில் தொழிலைக் குறிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். டி.பி. மருந்துக்குக் குணமாகாத ஒவ்வொருவரிடமும் தூசி வேலை பார்த்தாரா என்று விசாரிக்க வேண்டும்.

3. தொழில்நோயைக் கண்டறியும் மருத்துவர் அதை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 89ஆம் பிரிவே சொன்னது. ஏட்டில் கிடந்த அக்கடமை இனியாவது நடைமுறைக்கு வரவேண்டும்.

4. நுரையீரல் நோய்களுக்கு இரண்டாண்டுக் கெடுவை நீக்கி, நோய் உறுதியான நாளிலிருந்து கணக்கிட மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நஷ்டஈடு என்பது தோல்விக்குப் பிறகு கொடுக்கும் காசு. தண்ணீர் தெளித்துத் துளையிட்டால், தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தால், தரமான முகக்கவசம் கொடுத்தால் இந்த நோயே வராது. முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீரும் குழாயும் முதலாளிக்குச் செலவு; நுரையீரல் மட்டும் இலவசமா?

நமக்கு நாம்

அரசைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிடலாமா? நம் இளைஞர்கள் உள்ளூரிலும் வளைகுடாவிலும் கட்டடத் தூசியில் உழைக்கிறார்கள். விசா மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் "அன்ஃபிட்" என்று திருப்பி விடுகிறார்கள். விசா போன துக்கத்தில் வீடே அழுகிறது. அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தூசி வேலை பார்ப்பவர்கள் அடையாள அட்டை, சம்பள வவுச்சர், இ.எஸ்.ஐ., பி.எஃப். எண், வேலைத்தலத்தில் எடுத்த புகைப்படம் என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். உடன் வேலை செய்தவர்களின் பெயர் விவரம் எழுதி வையுங்கள். நாளை அவர்களே சாட்சி. எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள். மருத்துவரிடம் நீங்களாகவே முன்வந்து தொழிலைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நஷ்டஈட்டு மனுவை வேலை பார்த்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பெண்களுக்கும் ஏழைகளுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறோம். வீட்டில் மௌத்து நிகழ்ந்தால் சில மணி நேரத்தில் அடக்கம் செய்துவிடுகிறோம். "மாரடைப்பு" என்று யாரோ சொன்னது பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பிறகு அந்த விதவை எங்கே போய் நிரூபிப்பாள்? வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணச் சான்றிதழை முறையாக வாங்கி வைப்பது, அவளுக்கும் அநாதைகளான பிள்ளைகளுக்கும் நாம் செய்யும் கடமையாகும். இதை ஜமாஅத் நிர்வாகிகள் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

பைத்துல்மாலிலிருந்து மருந்துச் செலவுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான், அது தொடரட்டும். ஆனால் முதலாளியும் அரசும் கொடுக்க வேண்டிய கடனைத் தர்மமாக மாற்றி, நாம் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு ஜமாஅத்திலும் சட்டம் தெரிந்த ஒருவரும் மருத்துவம் தெரிந்த ஒருவரும் மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். நோயாளி எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும் கதவு திறந்திருக்கட்டும்; தூசி மதம் பார்த்து நெஞ்சில் இறங்குவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மனிதர் மறுபடியும் வாசலில் நிற்கலாம். கையில் இருப்பதைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்:

"என்ன வேலை பார்த்தீர்கள்?"